மலேசியாப் பொடி

1994 டிசம்பர் 5, திங்கட்கிழமை. விழித்ததும் போர்வையை மடித்தேன். திருநெல்வேலி விடுதியில் அதற்கு ஆள் உண்டு என்று தெரியும், இருந்தாலும் மடித்தேன். பல் துலக்கி, குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டு கைப்பையைத் திறந்து உறை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. உறைக்குள் வெள்ளைத் தாள், அதற்குள் மெழுகுத் தாள், அதற்குள் பொடி. மலேசியாவில், தைப்பிங்கில் வீட்டைப் பூட்டிய நாளிலிருந்து காலையில் நான் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது.

பொடி என்பது பெரணியின் பொடி. பெரணிக்குப் பூ இல்லை, காய் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடிப்பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள் வரும். முற்றிய இலையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் தாளில் பழுப்பாக ஒரு தூசி உதிர்ந்து கிடக்கும். அதைத் தூவினால் புதுச் செடி வரும். நான் ஆறாம் வகுப்புக்கு நடத்தும் அறிவியல் புத்தகத்தில் இதற்கு ஸ்போர் என்று இருக்கிறது. பெரணி வளர்த்து ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்ளும் நாங்கள் சிலர் பொடி என்றே எழுதுவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பொடி வாங்கியவர், கொடுத்தவருக்காகவும் சேர்த்துத்தான் அந்தச் செடியை வளர்க்க வேண்டும். கொடுத்தவர் வீட்டில் அது பட்டுப்போனால் பொடி திரும்பிப் போக வேண்டும்.

நான் கொண்டு வந்தது அப்படித் திரும்பும் பொடி. திருநெல்வேலி டவுணில் இருக்கும் சங்கரவடிவு என்பவர் எனக்குப் பல வருடங்களுக்கு முன் அனுப்பியதன் பேத்தி. அவர் புகுந்த வீட்டுக் கிணற்றின் உள்சுவரில் ஒரு பெரணி இருந்தது. கறுப்புக் காம்பு, சின்ன இலை; ஆனால் ஒவ்வோர் இலையின் நுனியும் சேவல் கொண்டைபோலப் பிரிந்திருக்கும். வேறெங்கும் அப்படி நான் பார்த்ததில்லை. பிறகு அந்த வீடு அண்ணன் தம்பிக்கு இரண்டாகப் பிரிந்தது. கிணறு சங்கரவடிவின் கணவருடைய அண்ணன் பாகத்துக்குப் போனது. அவர் அதை மண் கொட்டி மூடிவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் செடி என் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் மட்டும்தான் இருந்தது.

இரண்டு முறை தபாலில் பொடி அனுப்பினேன். முதல் முறை நனைந்து போய்ச் சேர்ந்தது. இரண்டாம் முறை இன்னும் போய்ச் சேரவில்லை. இந்த வருடம் என் செடியும் கடைசியாக ஒரு முறை பொடி கொடுத்துவிட்டுக் காய்ந்தது. பாதியை நான் வீட்டில் விதைத்தேன். வெள்ளைப் பூஞ்சணம் பிடித்து எல்லாம் போயிற்று. மீதிப் பாதிதான் கைப்பையில் இருந்தது. பள்ளி விடுமுறை, கிளம்பிவிட்டேன். "ஒரு செடிக்காகவா விமானம் ஏறுற?" என்றார் அண்ணி. செடிகூட இல்லை, பொடி என்று திருத்தினேன்.

விடுதிக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் இட்லி சாப்பிட்டேன். எங்கள் ஊரில் இட்லி கேட்டால் இட்லி வரும். இங்கே கேட்டது ஒன்று, வந்தது இட்லியோடு வடை, வடையோடு இரண்டு சட்னி, அதற்கு மேல் சாம்பார். நான் வடையை ஒதுக்கி வைத்ததைப் பரிமாறுகிறவர் பார்த்தார். "ஏன், வடை பிடிக்காதா?" என்றார். கேட்கவில்லையே என்றேன். "கேட்டாத்தான் வைக்கணுமா?" என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தைப்பிங்கில் மழை பெய்யுமா பெய்யாதா என்று பந்தயம் கட்டிப் பொழுதைப் போக்கியவர்கள் உண்டு. பெய்யும் என்று கட்டியவர்கள்தான் பெரும்பாலும் ஜெயித்திருப்பார்கள். அதனால் நான் குடை இல்லாமல் வெளியே போவதில்லை. டவுண் பஸ்ஸில் பெண்கள் பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். என் இருக்கைக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. பொடிக்கு ஈரம் ஆகாது. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, அங்கன பாரு, பஸ்ஸுக்குள்ள குடை பிடிச்சிருக்கா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வெளியூர்க்காரிபோல. நம்ம பஸ்ஸப் பத்திச் சரியாத்தான் விசாரிச்சிட்டு வந்திருக்கா," என்றது இன்னொன்று.

ஈரடுக்குப் பாலத்தைத் தாண்டுவதற்குள் என் பக்கத்தில் இருந்த அம்மாள் பைய நகர்ந்து குடைக்குள் வந்துவிட்டார். இறங்கும்போது, "பூ வச்சுக்கோங்க," என்று தன் தலையிலிருந்து பாதிச் சரத்தைக் கிள்ளிக் கொடுத்தார். எங்கள் பெரணி வழக்கத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

ரதவீதியில் மழை விட்டிருந்தது. கோயில் பக்கம் பெண்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கையில் இருந்த விலாசத்தில் கதவெண் தெளிவாக இருந்தது. ஆனால் அந்த எண் எந்த வாசலிலும் இல்லை. ஒரு துணிக்கடையில் கேட்டேன்.

"சங்கரவடிவா? அம்பாள் பேரு. இந்தத் தெருவுல வீட்டுக்கு ஒரு வடிவு உண்டு. வீட்டுக்காரர் பேரு என்ன?" என்றார் கடைக்காரர்.

கணவர் நாகர்கோவிலில் வங்கி வேலையில் இருக்கிறார், வாரக் கடைசியில்தான் வருவார் என்பது தெரியும். பெயர் தெரியாது. கடிதம் முழுக்கப் பெரணியைப் பற்றியே எழுதிக்கொண்டதால் அதற்கு இடம் வரவில்லை.

"பொடி வாங்குவாங்க, கொடுப்பாங்க. அந்த வீடு," என்றேன்.

கடைக்காரர் முகம் தெளிந்தது. "பொடிப்பிள்ளைவாள் வீடா? அத முதல்ல சொல்ல வேண்டாமா. அந்தா, பச்சைக் கதவு."

பச்சைக் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் மூன்று கோடாகத் திருநீறு. சங்கரவடிவைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"கோயிலுக்குப் போயிருக்கா. கார்த்திகை சோமவாரம்லா, வாரதுக்குப் பொழுதாயிரும். நீங்க?"

"மலேசியாவிலிருந்து வர்றேன். அவங்களுக்குப் பொடி கொண்டு வந்திருக்கேன்."

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "பொடியா? சங்கரவடிவா கேட்டா?"

"அவங்கதான் எழுதினாங்க. ரொம்ப நாளா எதிர்பார்த்துட்டு இருக்காங்க. தபால்ல ரெண்டு தடவை அனுப்பிச்சு, சரியா வந்து சேரலை."

"ரெண்டு தடவையா," என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வயதானவர், கண்ணில் நீர் வடியும் என்று நினைத்தேன். உள்ளே பார்த்து, "ஏளா, காப்பி போடு. மலேசியாவுல இருந்து வந்திருக்காவ," என்றார்.

காப்பி வந்தது. கொண்டுவந்தவர் அவர் மனைவி. இவர்களைச் சங்கரவடிவின் மாமனார் மாமியார் என்று எடுத்துக்கொண்டேன். பொடியை நாளை நானே கொண்டுவந்து கொடுக்கலாம். ஆனால் வானம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது, பஸ் கூரை நினைவுக்கு வந்தது. உறையை அவரிடம் கொடுத்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"ஈரம் படவே கூடாது."

"அத எங்கிட்டயா சொல்லுதிய?" என்று சிரித்தார்.

"ஒரு சிட்டிகை போதும். அதிகம் போட்டா வீண்."

"ஒரு சிட்டிகைக்கு மேல எவன் போடுவான்."

"பிரிக்கும்போது காத்து அடிக்கக் கூடாது. மூச்சுக் காத்துகூட ஆகாது."

இதற்கு மட்டும் அவர் கொஞ்சம் யோசித்தார். "மூச்சு விடாம எப்படிம்மா போடுதது? சரி, மலேசியாப் பொடி. பதனமாத்தான் பாக்கணும்."

விஷயம் தெரிந்த வீடு என்று திருப்தியாக இருந்தது. நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். வழியில் அல்வாக் கடையில் ஒரே கூட்டம். வாழையிலைத் துண்டில் சூடாக வைத்துத் தந்ததை நின்றபடியே சாப்பிட்டேன். விரலில் ஒட்டிய நெய் விடுதிக்கு வந்து சோப்புப் போட்ட பிறகும் போகவில்லை. அதைப் புகாராக எழுதவில்லை.

டிசம்பர் 6, செவ்வாய். போர்வையை மடித்தேன். கைப்பையைத் திறந்து பார்த்தேன், உறை இல்லை, கொடுத்துவிட்டோம் என்று நினைவு வந்தது. பச்சைக் கதவுக்குப் போனபோது பக்கத்துக் கதவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "நீங்க தைப்பிங் டீச்சர்தானே?" என்றார். கடிதத்தோடு அனுப்பிய புகைப்படத்தில் இருந்த அதே முகம். என் கையைப் பிடித்து அந்தப் பக்கத்துக் கதவுக்குள் அழைத்துப்போனார். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் என்பது அப்போதுதான் புரிந்தது.

பின்கட்டில் மட்டும் நடுச்சுவர் எழுப்பாமல், இரண்டு பாகமும் ஒரே முற்றமாகக் கிடந்தன. சங்கரவடிவின் பெரணிகள் சுவரோரம் சட்டிகளில் வரிசையாக இருந்தன. கடிதத்தில் படித்த ஒவ்வொன்றையும் நேரில் பார்த்தேன். வரிசையின் முடிவில் ஒரு பெரிய பித்தளை அண்டா, பாதி மழைத் தண்ணீரோடு. அதற்கு அடுத்து ஒரு சட்டி மண் நிரப்பி, மேலே கண்ணாடி மூடி, வேறெதுவும் இல்லாமல் இருந்தது.

"இது நம்ம கொண்டைப் பெரணிக்கு," என்றார் சங்கரவடிவு. "வெந்நி ஊத்தி மண்ண வேகவச்சி, நீங்க வருவியன்னு நேத்தே எடுத்து வச்சேன். குடுங்க."

"அதான் நேத்துக் கொடுத்துட்டேனே. உங்க மாமனார்கிட்ட."

"எனக்கு மாமனார் இல்ல டீச்சர். போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு."

நான் பெரியவரை வர்ணித்தேன். துண்டு வரைக்கும் வந்தபோது சங்கரவடிவு அங்கேயே துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அது எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன். அவங்ககிட்ட என்னன்னு சொல்லிக் குடுத்திய?"

"பொடின்னு."

"ஊருல எல்லாருக்கும் பொடின்னா மூக்குப் பொடிதான டீச்சர். அதுலயும் அவங்க பொடிப்பிள்ளை."

எனக்கு நேற்றுப் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஈரம், சிட்டிகை, மூச்சுக் காற்று. எதுவும் தவறாகச் சொல்லவில்லை. அதுதான் சிரமம்.

போய்க் கேட்டுவிடலாமே என்றேன். அண்ணனோடு மூன்று வருடமாகப் பேச்சு இல்லை என்றார் சங்கரவடிவு. கிணறு மூடியதிலிருந்து. அண்ணன் மனைவியோடு பேச்சு உண்டு, ஆனால் பெரியவர் வீட்டில் இல்லாதபோதுதான். அப்போது அவர் வீட்டில் இல்லை என்பது தெரிந்தது; ஏனென்றால் அந்த அம்மாளே பின்கட்டுக்கு வந்து பேசினார்.

"பத்தமடைக்குப் போயிருக்காவ, மூத்த பேத்தி கல்யாணத்துக்குப் பாய் சொல்ல. மலேசியாப் பொடி, மலேசியாப் பொடின்னு ராத்திரியெல்லாம் அதே பேச்சு. விடிஞ்சதும் டப்பியில கொட்டிக்கிட்டுப் பஸ் ஏறியாச்சு. ஏன்ளா வடிவு, நீ வாங்கிக் குடுக்கணும்னா உள்ளூர்ப் பொடியே வாங்கிக் குடுத்திருக்கலாம்லா? எதுக்கு அங்கன இருந்து?"

சங்கரவடிவு செருப்பை மாட்டிக்கொண்டார்.

பத்தமடை பஸ்ஸில் கூரை ஒழுகவில்லை. குடையை விரிக்காமலே உட்கார்ந்தேன். டவுணைத் தாண்டியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஓட்டுநரும் நடத்துநரும் இறங்கி டீக்கடைக்குப் போனார்கள். கேட் திறந்தது. அவர்கள் வரவில்லை. பின்னாலிருந்த வண்டிகள் ஒலி எழுப்பின. ஓட்டுநர் கண்ணாடித் தம்ளரை உயர்த்தி, இன்னும் பாதி இருக்கிறது என்று காட்டினார். தைப்பிங்கில் இப்படி நடந்தால் பத்திரிகைக்கு எழுதுவார்கள். இங்கே பஸ்ஸுக்குள் யாரும் கோபப்படவில்லை. "சூடா இருக்கும் போல, பைய வரட்டும்," என்றார் ஒருவர்.

அந்த நேரத்திலும் சங்கரவடிவு தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணமாகி வந்த புதுசுல யாரையும் தெரியாது டீச்சர். தண்ணி எறைக்கப் போவேன். வாளி கீழ போகையில அந்தச் செடி ஆடும். அதுகிட்டதான் பேசுவேன். இந்த மூணு வருசம் தவிர அது இல்லாம இந்த வீட்டுல இருந்ததே இல்ல," என்றார். பிறகு, "இப்பம் அவங்க மூக்குல இருக்கு," என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். இரண்டு பக்கமும் வயல், வயலை ஒட்டி வாய்க்கால், வாய்க்கால் கரையில் வாழை. தாமிரபரணியின் தண்ணீர் எங்கெல்லாம் போகலாமோ அங்கெல்லாம் போயிருந்தது. ஒரு மதகின் ஈரச் சுவரில் சாதாரணப் பெரணிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. நான் சுட்டிக் காட்டினேன். அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார், பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

பத்தமடையில் பாய் நெய்கிற தெரு எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலுக்கு வாசல் கோரை காய்ந்துகொண்டிருந்தது. மூன்றாவது வீட்டுக்குள்ளிருந்து, "பாரின் பொடி அப்படித்தான் வே, மெதுவாத்தான் ஏறும்," என்ற குரல் கேட்டது.

உள்ளே தறிக்குப் பக்கத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எதிரே காசிம் பாய் என்ற நெசவுக்காரர், இரண்டு விரலை மூக்கில் வைத்தபடி, ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார். தறியில் அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைவாள், அல்லா அறிய சொல்லுதேன், அடுப்புச் சாம்பலப் போட்டாக்கூட ரெண்டு தும்மல் வரும்," என்றார் காசிம் பாய். "இது மூக்குக்குள்ள போனதா இல்லையான்னே தெரியல."

"ரசனை வேணும்யா. எங்க வீட்டுப் பொண்ணு கடல் தாண்டி வரவழைச்சிருக்கா. ரெண்டு தடவ தபால்ல தவறிப்போயி, மூணாந்தடவ ஆள் மூலமா..." என்றவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார்.

நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். சங்கரவடிவு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நீங்க குடுத்தது எங்க இருக்குன்னு அவங்ககிட்ட கேளுங்க."

பெரியவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தார். இருந்தாலும் கேட்டேன். பேச்சை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறேன். தமிழிலிருந்து தமிழுக்கு மாற்றுவது அதுதான் முதல் தடவை.

"டப்பியிலதான்," என்றார் பெரியவர். "காரத்துக்குக் கொஞ்சம் நம்ம பொடியும் கலந்திருக்கு. டீச்சர், ரொம்ப உயர்ந்த பொடின்னு அவட்ட சொல்லுங்க. சந்தோசமா வாங்கிக்கிட்டேன்னு சொல்லுங்க."

"உயர்ந்த பொடி என்கிறார். சந்தோஷம் என்கிறார்."

"அது மூக்குப் பொடி இல்லன்னு சொல்லுங்க."

சொன்னேன். காசிம் பாய் மூக்கிலிருந்து விரலை எடுத்தார்.

"பின்ன என்ன பொடி?"

"செடிப் பொடி. கெணத்துச் சுவத்துல இருந்துதுல்லா, அந்தச் செடிக்கு உண்டானது. ஊருல அது இல்ல, டீச்சர் வீட்டுலயும் போயிட்டு. இருந்தது இம்புட்டுத்தான்."

நான் மாற்றிச் சொல்வதற்குள் பெரியவருக்கு விளங்கிவிட்டது. டப்பியைப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார்.

"அப்பம் எனக்குன்னு வரவழைக்கல."

இதை யாருக்கு மாற்றிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காசிம் பாயின் மனைவி தறியை நிறுத்திவிட்டார்.

"கெணத்துல செடி இருந்ததே எனக்குத் தெரியாது டீச்சர்," என்றார் பெரியவர். "சின்னப் பேத்தி ஓடியாடுத பிள்ள, விழுந்துருமேன்னு மூடுனேன். அதுக்கா இவ மூணு வருசமாப் பேசல? நான் அண்டாவுக்குன்னுலா நெனச்சேன்."

"எந்த அண்டான்னு கேளுங்க."

"பாகத்துல எனக்கு விழுந்த பித்தள அண்டா. அவ அத விரும்புதான்னு நெனச்சி, அவ பக்கமாப் பின்கட்டுல கொண்டு வச்சேன். தொடக்கூட இல்ல. அம்புட்டுக் கோவமான்னு நானும் விட்டுட்டேன்."

"மழத்தண்ணி பிடிக்க வச்சிருக்காவன்னு நெனச்சேன்னு சொல்லுங்க," என்றார் சங்கரவடிவு. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

காசிம் பாய் தொண்டையைக் கனைத்தார். "நான் ரெண்டு சிட்டிகை போட்டிருக்கேன். எனக்குள்ள ஒண்ணும் மொளைச்சிராதே?"

வெளிச்சமும் வேண்டும், அதனால் வாய்ப்பில்லை என்றேன். "அல்ஹம்துலில்லா," என்றார்.

வேறு யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று பெரியவரிடம் கேட்டேன். கோயில் வாசலில் இருவர், பஸ் நடத்துநர், வழியில் ஒரு பழக்கடைக்காரர். எங்கள் வட்டத்தில் யாரும் இவ்வளவு பேருக்கு இவ்வளவு சீக்கிரம் பொடி கொடுத்ததில்லை.

டப்பியை வாங்கித் திறந்து பார்த்தேன். அடியில் கொஞ்சம் இருந்தது. புகையிலை எது, பெரணி எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. மெழுகுத் தாள் என்ன ஆயிற்று என்றேன். பெரியவர் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நான்காக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். "பாரின் தாளு. தூரப் போட மனசு வரல. அவ குடுத்தனுப்புனதுன்னு..." என்று நிறுத்திக்கொண்டார்.

காற்று வராமல் கதவை மூடி, யாரும் மூச்சு விட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தாளைப் பிரித்தேன். மடிப்புக் கோடு ஒவ்வொன்றிலும் பழுப்பாக ஒரு இழை ஒட்டியிருந்தது. பெரணிப் பொடி எவ்வளவு நுண்மையானது என்றால், ஒரு மடிப்பில் ஒட்டியது ஒரு சட்டிக்குப் போதும். இதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை நம்ப வேண்டிய தேவை வந்தது. இருக்கிறது என்று சங்கரவடிவிடம் தலையசைத்தேன். அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் சங்கரவடிவும் நானும் பெண்கள் பக்கம், பெரியவர் எதிர்ப்பக்கம். கல்யாணப் பாய் சொல்ல வந்தவர் சொல்ல மறந்துவிட்டார். அதே ரயில்வே கேட், அதே டீக்கடை. இந்த முறை பெரியவர் எழுந்துபோய் ஓட்டுநரிடம், "அண்ணாச்சி, ஒரு அவசரம். பொடி விசயம்," என்றார். ஓட்டுநர் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்தார். பொடி இல்லாமல் தவிப்பது என்னவென்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பொழுது சாய்வதற்குள் விதைத்து முடித்தோம். ஒரு சட்டிக்கு மெழுகுத் தாளைத் தட்டினேன். இன்னொரு சட்டிக்கும் மண் வேகவைத்து ஆற்றி டப்பியைக் கவிழ்த்தோம். புகையிலை கலந்திருக்கிறதே என்று சங்கரவடிவு தயங்கினார். செடிப் பூச்சிக்குப் புகையிலைத் தண்ணீர் தெளிக்கிறவர்கள் உண்டு, பார்க்கலாம் என்றேன். வெயில் படாத, எப்போதும் ஈரம் நிற்கிற இடம் வேண்டும். பழைய கிணறு அப்படிப்பட்ட இடம். இப்போது அங்கே சிமெண்டுத் தளம்.

பெரியவர் தன் வாசல்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து அண்டாவைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினார். அதை உருட்டிச் சிமெண்டுத் தளத்தின் நடுவில், மாமர நிழலுக்குள் வைத்தார். உள்ளே செங்கல் அடுக்கினார். "டீச்சர், இதுக்குள்ள வச்சா ஈரம் நிக்கும்லா? அவட்ட கேளுங்க," என்றார்.

நிற்கும் என்றேன், கேட்காமலே. சங்கரவடிவு இரண்டு சட்டிகளையும் எடுத்துப்போய் அண்டாவுக்குள் இறக்கி, கண்ணாடிகளைச் சரிசெய்தார். குனிந்து பார்த்தபோது எனக்கு அது ஒரு சின்னக் கிணறுபோலத்தான் தெரிந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிரவு சங்கரவடிவு என்னை விடுதிக்கு விடவில்லை. தேங்காய்ப்பாலில் சொதி வைத்திருந்தார். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் என்றால் காரத்தோடு வரும். இது இஞ்சிப் பச்சடியோடு வந்தது. அளவாகச் சாப்பிட வேண்டும் என்று நினைத்தேன். முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு கிண்ணம் போனது. அந்த அம்மாள் வாங்கிக்கொண்டார். பெரியவர் வீட்டில் இருந்தார்; இருந்தும் வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் 7, புதன். போர்வையை மடித்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். சங்கரவடிவு எனக்கு முன்பே அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பெரியவரும் வந்தார். குளித்து, திருநீறு பூசி, துண்டால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருந்தார்.

"மொளைச்சிட்டா டீச்சர்?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டார்.

பச்சையாக ஒரு படலம் தெரியவே வாரக்கணக்கில் ஆகும், இலை என்று சொல்லும்படி வர மாதக்கணக்கில் ஆகும், வராமலும் போகலாம் என்றேன்.

"மாசக் கணக்கா," என்றார். "காலையில இருந்து இன்னும் பொடி போடல. தும்மி வச்சிட்டா காத்து அடிச்சிரும்லா."

சொல்லி முடிக்கவில்லை, தும்மல் வந்துவிட்டது. திரும்பிக்கொண்டார். மறுபடி வந்தது. துண்டு அவிழ்ந்தது. கண் கலங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, விடாமல் தும்மினார். நான் கண்ணாடிகளின்மேல் கையை வைத்து மூடினேன்.

"அத்தான்," என்றார் சங்கரவடிவு. "போடாமதான் இப்படித் தும்முதிய. உள்ள போயிப் பொடியப் போட்டுட்டு வாங்க."

பெரியவர் தும்மலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சரிம்மா," என்று உள்ளே போனார்.

சங்கரவடிவு முந்தானையால் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைத் துடைத்தார். ஒன்றைத் துடைத்துவிட்டு மற்றதை எனக்கு விட்டார். துடைத்தேன்.